மாஸ்டரின் அட்டை

சாம்பிள் செக்ஷன் என்றால் ஃபேக்டரியில் எல்லாருக்கும் ஒரு பொறாமை. ஃபேன் நிறைய, ஆட்கள் குறைவு, மணிக்கு எத்தனை பீஸ் என்று தலைக்கு மேல் நின்று யாரும் கத்துவதில்லை. லைனில் தைக்கிறவர்கள் எங்களை "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க" என்பார்கள். அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு நான்தான் பொறுப்பு. சட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் ஒரு படத்தைப் பார்த்துச் சட்டை தைத்து அனுப்ப வேண்டும். அவர்கள் குறை சொல்வார்கள். மறுபடி தைக்க வேண்டும். மறுபடியும் குறை சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை குறை சொல்ல மாட்டார்கள். கடைசியில் ஒருநாள் சரி என்று சீல் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சீல் விழுந்தபின் அந்தச் சட்டைதான் சட்டம். லைனில் தைக்கிற ஆயிரக்கணக்கான சட்டைகளும் அதைப் போலவே இருந்தாக வேண்டும்.

எங்கள் செக்ஷனுக்கு இன்னொரு பட்டப்பெயரும் உண்டு, குடும்ப ஆட்சி. காரணம், பேட்டர்ன் மாஸ்டர் என் அண்ணன். சாம்பிள் தைக்கும் டெய்லர் என் அண்ணி. அண்ணன் அட்டையில் வரைவார், அண்ணி அந்த அட்டையை வைத்துத் துணியை வெட்டித் தைப்பாள், நான் இரண்டு பேரையும் விரட்டுவேன். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அண்ணன்தான். பிறகு நான் மேனேஜர் ஆனதும், "இனிமே உன்கிட்ட லீவு கேக்கணுமா?" என்று ஒருவாரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

நான் இருப்பதும் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான். என் கல்யாணம் போன கதை தனி. திரும்பி வந்தபோது கதவைத் திறந்தது அண்ணி. "மாடி ரூம் சும்மாத்தான கிடக்கு" என்று பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அதை இன்றுவரை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவாள். மாடிப்படியில் நான் நடக்கும் சத்தம், நான் பிழியாமல் காயப்போடும் துணி, என் அண்ணன் என்னைக் கெடுத்து வைத்திருக்கும் விதம், எல்லாம் பட்டியலில் வரும். நானும் சும்மா இருப்பதில்லை. நாத்தனார் என்றால் நாலு வார்த்தை பேசத்தானே வேண்டும்.

அன்று காலை உற்பத்தி மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. தும்மினால்கூட அவசரமாகத்தான் தும்முவார். கையில் லைனிலிருந்து எடுத்துவந்த ஒரு சட்டை. அதை என் முன்னால் போட்டார்.

"கை ஏறவே மாட்டேங்குது. பொண்ணுங்க இழுத்து இழுத்து வச்சுத் தைக்கிறாங்க. அப்பவும் அக்குள் பக்கம் பூரா சுருக்கம். லைனே நின்னு போச்சு."

"பொண்ணுங்களுக்குச் சரியாச் சொல்லிக் கொடுங்க" என்றேன். எதுவந்தாலும் முதலில் லைனைக் குறை சொல்வது எங்கள் செக்ஷனின் பழக்கம்.

"யாரு தைச்சாலும் இப்படித்தான் வருது. நீங்களே பாருங்க."

பார்த்தேன். சட்டைக் கையின் மேல்வளைவு, சட்டையின் உடல் பகுதியில் அதற்கென்று வெட்டிய குழியை எட்டாமல் திணறிக்கொண்டிருந்தது. பீரோவைத் திறந்து சீல் போட்ட சாம்பிளை எடுத்தேன். அதில் கை அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது, ஒரு சுருக்கம் கிடையாது. கட்டிங்கிலிருந்து கை அட்டையை வரவழைத்து சாம்பிளின் மேல் வைத்தேன். அட்டை சின்னது. தையலுக்கு என்று விளிம்பில் கொஞ்சம் கூடுதலாக விட்டு வரைய வேண்டும். இந்தக் கையின் மேல்வளைவில் அப்படி எதுவும் விடவில்லை. பேட்டர்ன் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். அட்டையின் மூலையில் அண்ணனின் கையெழுத்து இருந்தது.

கட்டிங்கில் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லையா என்றால், மாஸ்டர் அட்டையை அங்கே யாரும் டேப் வைத்துப் பார்ப்பதில்லை. அத்தனை வருஷ மரியாதை. துணியை அடுக்கடுக்காகப் போட்டு, அட்டையை மேலே வைத்து ஒரே மூச்சில் வெட்டிவிடுவார்கள். அட்டையில் தப்பு என்றால் அடுக்கு முழுவதும் தப்பு.

"யாரோட தப்புன்னு நாளைக்குள்ள மேல சொல்லியாகணும்" என்றார் அவசரம். குரலைத் தாழ்த்தினார். "உங்க செக்ஷன்ல இருந்து ஒரு ஆள் போக வேண்டியிருக்கும். எனக்கே சங்கடமாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு வழக்கம்போல் பாதி ஓட்டமாகப் போய்விட்டார்.

நான் அட்டையையும் சாம்பிளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அட்டையை வைத்து அந்தக் கையை வெட்டவே முடியாது. அப்படியானால் அண்ணி எதை வைத்து வெட்டினாள்? திரும்பிப் பார்த்தேன். அண்ணி மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் மெஷின் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் டீ குடித்துவிட்டு வருவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அண்ணி சடக்கென்று எழுந்து வந்து லைன் சட்டையையும் அட்டையையும் அள்ளிக்கொண்டுபோய்த் தன் மெஷினுக்கு அடியில் திணித்தாள்.

"என்ன, நாத்தனாரும் அண்ணியும் சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் தன் மேஜைக்குப் போனார். காதில் ஒரு பென்சில் இருந்தது. இன்னொரு பென்சிலைத் தேட ஆரம்பித்தார்.

கை கழுவும் இடத்தில் அண்ணியைப் பிடித்தேன்.

"அட்டைய மதிக்காம உங்க இஷ்டத்துக்கு வெட்டியிருக்கீங்க. என்ன அண்ணி இதெல்லாம்?"

"கொஞ்சம் கூட விட்டு வெட்டினேன். கண் மதிப்புல."

"அப்ப அட்டை தப்புன்னு தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன். என் தப்புதான். போதுமா?"

எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. என் அண்ணி தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. வீட்டுச் சாவியைத் தொலைத்தபோதுகூட சாவியின்மேல்தான் தப்பு. அப்படிப்பட்டவள் கேட்டதும் தலையை நீட்டுகிறாள் என்றால், வேறு யாருடைய தலையையோ மறைக்கிறாள்.

"அண்ணனுக்கு என்ன?" என்றேன்.

குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சும்மா ஓடியது.

"முதல்ல ஒரு பட்டன் பட்டியில தையலுக்கு இடம் விட மறந்தாரு. மனுஷன்னா மறதி இருக்கும்னு நானே சேர்த்து வெட்டிட்டேன். அப்புறம் ஒருநாள் முன்பக்கம் ரெண்டையும் இடது பக்கமாவே வரைஞ்சு வச்சிருந்தாரு. ஒரு சட்டைக்கு ரெண்டு இடது பக்கம். அன்னிக்குத்தான் பயந்துட்டேன்."

"டாக்டர்கிட்ட போகலாம்ல?"

"கண் டாக்டர்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். வெளிய வந்து, 'கண்ணு நல்லாத்தான் இருக்காம்'னு சந்தோஷமாச் சொன்னாரு. எங்கிட்ட டாக்டர் தனியாச் சொன்னாரு. இந்த மறதி இனிமே ஏறத்தான் செய்யுமாம். இறங்காதாம்."

அன்றிலிருந்து அண்ணி செய்ததெல்லாம் இதுதான். அண்ணன் தப்பாக வரைந்ததைத் துணியில் சரியாக வெட்டுவாள். சாம்பிள் ஜம்மென்று வரும். சீல் விழுந்ததும், அண்ணன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, திருத்திய புது அட்டை ஒன்றை வெட்டி, அவர் எழுத்து மாதிரியே எழுதி, பழையதை எடுத்துவிட்டு அதை வைத்துவிடுவாள். யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. இந்தத் தடவை சீல் விழுந்த அன்று அண்ணி காய்ச்சலில் படுத்துவிட்டாள். எழுந்து வருவதற்குள் அட்டை கட்டிங்குக்குப் போய்விட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "நான் அவரோட தங்கச்சி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"தங்கச்சிகிட்ட சொன்னா மேனேஜருக்குத் தெரிஞ்சிடும்" என்றாள் அண்ணி.

உண்மைதானே.

"என் பேரச் சொல்லிடு" என்றாள். "நான் வீட்ல இருக்கேன். அவருக்கு அந்த மேஜைய விட்டா எதுவும் கிடையாது. ஞாயித்துக்கிழமைய ஓட்டவே தெரியாத மனுஷன். மதியத்துக்குள்ள நாலு தடவை வாசலுக்குப் போயிட்டுப் போயிட்டு வருவாரு, பாத்திருக்கல்ல?"

"நீங்க போயிட்டா அடுத்த அட்டைய யாரு திருத்துவா?"

குழாயை மூடினாள். இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனோம்.

சாயங்காலம் பஸ்ஸில் அண்ணனுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முன்சீட்டில் இருந்தவரின் சட்டைக் காலரைக் கண்ணால் காட்டி, "பாரு, காலர் எப்படி எழும்பி நிக்குது. உள்ள வைக்கிற பட்டிய வெளிப்பக்க அளவுக்கே வெட்டியிருக்கான். படுபாவி" என்று என் காதில் சொன்னார். அவர் சொன்னது சரி. எனக்குக் குழப்பமாக இருந்தது. இவ்வளவு தெரிகிற ஆளுக்கா மறதி? டாக்டருக்கும் ஆயிரம் பேரைப் பார்க்கும் அவசரம். அண்ணிக்கும் பயந்த சுபாவம். இது ஏதோ ஒரு கெட்ட வாரமாக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அண்ணி எதிர் வரிசையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அண்ணன் ஒரு பெண்கள் மேல்சட்டைக்கு அட்டை போட்டார். முடித்ததும் வழக்கம்போல் அண்ணியின் மெஷின் பக்கம் கொண்டுபோனார். நான் நடுவில் போய் வாங்கிக்கொண்டேன்.

"அண்ணிக்கு வேற வேலை இருக்கு. இத ரேடியோ தைக்கட்டும்."

ரேடியோ எங்கள் இன்னொரு டெய்லர். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் மூடுவாள். அவளிடம், "அட்டை எப்படி இருக்கோ அப்படியே வெட்டு. நூல் அளவுகூட மாத்தாத" என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு தடவை தவறியதா, இனி இப்படித்தானா? அது தெரியாமல் அவசரத்திடம் யார் பெயரையும் சொல்ல என்னால் முடியாது.

மதியத்துக்கு முன்னால் ரேடியோ தைத்து முடித்து, சட்டையை டம்மி பொம்மையில் மாட்டினாள். மாட்டிவிட்டு ஒரு அடி பின்னால் போனாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தோள் பின்னால் இழுத்தது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் கீழே இறங்கிக் கிடந்தது. யார் போட்டாலும் மூச்சுமுட்டும் என்பது பார்த்தாலே தெரிந்தது. அந்த நிமிஷம் என் நம்பிக்கை போய்விட்டது.

அதைக் கழற்றச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் பார்த்துவிட்டார். கிட்டே வந்தார். டம்மியை ஒரு சுற்றுச் சுற்றினார். தோளில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அக்குளில் துணியைச் சுண்டினார்.

"இது யாரு போட்ட அட்டை?"

ரேடியோ என்னைப் பார்த்தாள்.

"தைச்ச பொண்ணு மேல தப்பில்ல. தையல் நல்லா இருக்கு" என்று ரேடியோவைப் பார்த்துத் தலையாட்டினார். "முன்பக்கத் தோள்ல தையலுக்கு இடம் விடல. பக்கவாட்டுல ஒரு பக்கம் விட்டிருக்கான், இன்னொரு பக்கம் விடல. அதான் சாயுது. என்னம்மா, புதுசா யாரையாவது சேர்த்திருக்கியா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"அண்ணா..." என்றேன்.

"தெரிஞ்சவன், வேண்டியவன்னு பாக்காத. நல்ல மனுஷனாக்கூட இருக்கட்டும். மேஜைல விடக்கூடாது. இவன் இங்க ஒரு கோட்ட மறந்தா, அங்க லைன்ல அத்தனை பொண்ணுங்களும் உக்காந்து பிரிக்கணும். திட்டும் அதுங்கதான் வாங்கணும். பாவம் பாக்காதம்மா. இன்னிக்கே அனுப்பிடு."

"நீங்க போட்டதுதாங்க" என்றாள் அண்ணி.

மெஷினை விட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் மறைத்தவள், எப்படி அதைச் சொன்னாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வேறு யாரோ சொல்லி அவர் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

அண்ணன் சிரித்தார். "போடி" என்றார். நான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். மூலையில் இருந்த கையெழுத்தைக் கட்டைவிரலால் தடவினார், அழிகிறதா என்று பார்ப்பதைப்போல. டேப்பை எடுத்துத் தோளை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"முன்னாடியும் இப்படி வந்துச்சா?"

அண்ணி தலையாட்டினாள்.

"நீ சரி பண்ணிக்கிட்டு இருந்தியா?"

அதற்கும் தலையாட்டினாள்.

"அதான பாத்தேன்" என்றார் அண்ணன். "அட்டை தப்புன்னு ஒரு சாம்பிள்கூடத் திரும்பி வரலயே, வயசானாலும் நமக்குத் தொழில் நிக்குதேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். லைன் நின்றதையும், அவசரம் ஒரு பெயர் கேட்டதையும், அண்ணி பழியை ஏற்க இருந்ததையும் நான் சொன்னேன். அண்ணன் கழுத்தில் கிடந்த டேப்பைச் சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்தார்.

"சொன்னது சொன்னதுதான். அவசரத்துகிட்ட என் பேரச் சொல்லிடு. இவ பேரு எதுலயும் வரக்கூடாது."

சொன்னேன். அவசரம் அன்றைக்கு ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "மிச்சத் துணியில கைய மட்டும் திரும்ப வெட்டிக்கலாம். அத நான் பாத்துக்கறேன்" என்றார். மேலே பேசி, உடம்பு சரியில்லாமல் மாஸ்டர் தானாக விலகுவதாக முடித்துவிட்டார். கட்டிங்கில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து அண்ணனிடம் கை கொடுத்தார்கள். அவர் எல்லாரிடமும் சிரித்தபடி விடைபெற்றார். ஒருவனிடம் மட்டும், "இனிமே எவன் அட்டை வந்தாலும் டேப் வச்சுப் பாரு. மாஸ்டர்னு மரியாதை குடுக்காத" என்றார்.

சாயங்காலம் பஸ்ஸில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். துக்கம் ஒருபக்கம் இருந்தாலும் என் அண்ணனை நினைத்துப் பெருமையாக இருந்தது. தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, தனக்குத் தானே தீர்ப்பு எழுதி, அதற்குக் கட்டுப்பட்டு எழுந்து வர எத்தனை பேருக்கு முடியும்? இனி வீட்டில் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரிய கண்டம் தாண்டிவிட்டது என்றே நினைத்தேன்.

காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். குளித்திருந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார். செருப்பு மாட்டியிருந்தார்.

"என்னம்மா இவ்வளவு லேட்டு? இன்னிக்கு அந்த மேல்சட்டை அட்டைய முடிச்சுக் குடுக்கணும்ல. பஸ் போயிடும், வா."

அண்ணி அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து, என்னால் முடியவில்லை, நீயே சொல் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"அண்ணா, நீங்க இன்னிக்கு வர வேண்டாம்."

"ஏன், லீவா?"

"இனிமே வர வேண்டாம்ணா."

முதலில் சிரித்தார், நேற்று சிரித்த அதே சிரிப்பு. பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அவரிடம் கொடுத்துக் காட்ட இன்று என் கையில் அட்டை இல்லை. டம்மி இல்லை. சாய்ந்து நிற்கும் சட்டை இல்லை. என் வாய்வார்த்தை மட்டும்தான் இருந்தது.

"யாரு வர வேண்டாம்னு சொன்னது? அவசரமா?"

"நீங்கதாண்ணா சொன்னீங்க. நேத்து."

"நானா? நான் ஏன் அப்படிச் சொல்லப் போறேன்?" அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடி என்னிடம் வந்தார். சின்ன வயதில் நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் கிட்டே வந்து கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்.

"நீ மேனேஜர். நீ சொன்னா கேட்டுக்கறேன். ஆனா நான் என்ன தப்புப் பண்ணேன்னு மட்டும் காட்டும்மா. திருத்திக்கறேன்."

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.